தரையைச் சூடாக்க ஆகும் செலவு

நான் பனியை நேரில் பார்த்ததில்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்தால் உள்ளே படிந்திருக்குமே, அதுதான் எனக்குத் தெரிந்த பனி. ஆனால் பனி கொட்டும் ஊர்களில் ஒரு குளியலறைத் தரையைச் சூடாக வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று கேட்டால், காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு.

அடையாறில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டில் தரைக்கு அடியில் பதிக்கும் மின்சார வலை விற்கும் வியாபாரி ஒருவருக்காக, இங்கே உட்கார்ந்து வரைபடமும் மதிப்பீடும் போட்டுக் கொடுக்கிறோம். அந்த வலையின் ஒரு துண்டு என் மேஜையில் எப்போதும் கிடக்கும். மெல்லிய கம்பியை நைலான் வலையில் வளைத்து வளைத்து ஓட்டியிருப்பார்கள். முறுக்கு பிழிவதைப் பாதியில் நிறுத்தியது போல இருக்கும். இதை டைல்ஸுக்கு அடியில் பதித்து, சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் வைத்துவிட்டால் தரை வெதுவெதுப்பாக இருக்கும். விடியற்காலையில் வெறுங்காலோடு பாத்ரூம் போகலாம். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு வியாபாரம், அந்த வியாபாரத்துக்கு அடையாறில் ஒரு ஆபீஸ், அந்த ஆபீஸில் நான்.

வீட்டின் படம் வரும். முதலில் வலை போடக்கூடாத இடங்களைக் கழிக்க வேண்டும். பாத்டப்புக்கு அடியில், அலமாரிக்கு அடியில், கமோடைச் சுற்றி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவேன். கால் படாத இடத்தைச் சூடாக்கி யாருக்கு என்ன லாபம்? மிஞ்சுவதுதான் கால் படும் தரை. அதற்குச் சதுர அடிக்குப் பன்னிரண்டு வாட் என்று வைத்து, நாளைக்கு எத்தனை மணி நேரம், அந்த நேரத்திலும் தெர்மோஸ்டாட் எவ்வளவு நேரம் உண்மையில் கரண்ட் இழுக்க விடும், அந்த ஊரில் யூனிட் என்ன விலை என்று பெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தொகை நிற்கும். வாங்குகிறவர்கள் அந்தத் தொகையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

இதில் ஏமாற்ற வசதியான இடம் தெர்மோஸ்டாட்தான். தரை கேட்ட சூட்டுக்கு வந்ததும் அது கரண்டை நிறுத்திவிடும், குறைந்ததும் மறுபடி விடும். அப்படி ஓடுவது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதினால் தொகை அழகாக இருக்கும். எங்கள் டீம் ஹெட், என்னைவிடச் சின்னவர், எல்லா வீட்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு போடச் சொல்வார். நான் மாட்டேன் என்பேன். வெறும் கான்கிரீட் மேல், அடியில் சூட்டைத் தடுக்கும் அட்டைகூடப் போடாமல் பதித்தால் பாதிச் சூடு கீழே இறங்கிப் போய்விடும், அந்த வலை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் பில் வரும்போது அந்த வீட்டுக்காரி தலையில் கைவைத்து உட்காருவாள். அவளுக்கு என்னைத் தெரியாதுதான், ஆனாலும் அவள் திட்டுவது எனக்குத்தான் என்று தோன்றும். இதைச் சொன்னால் டீம் ஹெட் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். ஆபீஸில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

என் கணவருக்கு நான் செய்யும் வேலை ஒரு தமாஷ். நான் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், "இன்னா மேடம், இன்னிக்கு எந்த ஊரு காலு சூடாவுது?" என்று கேட்பார். அவர் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பது வருஷம் புடவை எடுத்துப் போட்டவர். பட்டுப் பிரிவுக்குள் செருப்பு கிடையாது. வெள்ளை மெத்தை விரித்திருக்கும், வாங்க வந்தவர்கள் உட்காருவார்கள், விற்கிறவர் நிற்பார். காலுக்குக் கீழே கிரானைட், தலைக்கு மேலே ஏ.சி., கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை வெறுங்கால். வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி நாற்காலியும் வாங்கிப் போட்டார். அதில் யாரும் உட்கார்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்கும் வரை வைக்க வசதியாக இருந்ததாம்.

கடையை விட்டு அவர் நின்றபோது கூடவே வீட்டுக்கு வந்தவை இரண்டு. ஒன்று சர்க்கரை, இன்னொன்று ஜில்லென்ற கால். மந்தைவெளியில் நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன், மேலே மொட்டை மாடி. கத்திரி வெயிலில் சுவரில் கைவைக்க முடியாது. அந்த வீட்டில் என் கணவர் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "கால் ஐஸ் மாதிரி கீதும்மா" என்பார். நான் சாக்ஸைக் கழற்றித் தொட்டுப் பார்ப்பேன். என் காலைவிட அவர் கால் சூடாகத்தான் இருக்கும். முதலில் சில மாதங்கள், வேலையை விட்டு வீட்டில் இருப்பவர் கவனத்தைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சர்க்கரை டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். என் கணவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றின் முனையால் உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "தெர்து சார்" என்று பதில் வந்தது. நடுவில் டாக்டர் தொடாமலே கேட்டார். அதற்கும் "தெர்து சார்". முப்பது வருஷம் வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லாத வாய் அது. டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். காலில் உணர்ச்சி போய்விட்டது, மிச்சம் இருக்கும் நரம்பு மூளைக்குத் தப்பான சேதி சொல்கிறது, ஜில்லென்று இருப்பது காலில் இல்லை என்றார். வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும், வெந்நீரில் காலை வைக்கவே கூடாது, வெயிலில் வெறுங்கால் கூடாது. அவருக்குச் சூடு தெரியாது, ஆனால் சூடு அவரை விட்டுவைக்காது என்றார்.

சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் கனமான ரப்பர் செருப்பு வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். சாமி படத்துக்கு முன்னால் கழற்றுவார், சாப்பிட உட்காரும்போது கழற்றுவார், வாசலில் யாராவது வந்தால் மரியாதைக்குக் கழற்றுவார். பிறகு போட மறந்துவிடுவார். நான் கத்துவேன். எங்கள் வீட்டில் அந்த வருஷம் பேசிய பேச்சில் பாதி செருப்பைப் பற்றித்தான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஆபீஸ் வேலை ஒன்றை வீட்டில் முடித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குரலில் தமாஷ் இல்லை.

"நம்ம வூட்டுக்கு ஒன்னு போட்டா இன்னா ஆவும்?"

எனக்கு வேலையின் நடுவில் பேசினால் பிடிக்காது. ஆனால் அவர் கேட்ட விதம் வேறாக இருந்ததால் லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். வெளிநாட்டில் யாரோ ஒருத்திக்குச் செய்வதை இவருக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. சாக்பீஸ் எடுத்து, அவர் தினமும் உட்காரும் நாற்காலிக்கு முன்னால், மொசைக் தரையில் ஒரு கட்டம் போட்டேன். மூன்றடிக்கு நாலடி. பீரோவின் அடி, கட்டிலின் அடி எல்லாம் கழித்துவிட்டால் அவர் கால் படும் தரை அவ்வளவுதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் கட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு சதுர அடி. இரண்டு ஃபேன் ஓடுகிற கரண்ட்தான் ஆகும். எங்கள் ஹவுஸ் ஓனர் மாடிக்குத் தனியாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். அரசாங்கம் என்ன விலை சொன்னாலும் அவர் விலை அவர் விலைதான், இலவச யூனிட்டெல்லாம் கீழ் வீட்டோடு நின்றுவிடும். அந்த விலையைப் போட்டேன். அடுத்தது தெர்மோஸ்டாட் எவ்வளவு நேரம் ஓடும் என்ற இடம். தரை என்ன சூட்டில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும். தரையைக் குறிவைத்துப் பட்டனை அமுக்கினால் சூடு காட்டும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்று ஆபீஸில் உண்டு, அன்றைக்கு அது என் பையில் இருந்தது. கட்டத்துக்குள் வைத்து அமுக்கினேன். முப்பத்தொன்று காட்டியது.

நான் வெளிநாட்டுத் தரைகளுக்கு வைக்கும் சூடு இருபத்தெட்டு. எங்கள் தரை எதுவும் செய்யாமலே அதைத் தாண்டி நின்றது. வலையைப் பதித்தாலும் தெர்மோஸ்டாட் ஒரு நிமிடம்கூடக் கரண்டை விடாது. ஓடும் நேரம் பூஜ்யம், செலவு பூஜ்யம். இத்தனை வருஷத்தில் நான் போட்ட மதிப்பீடுகளில் பூஜ்யம் வந்தது அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் ஓடவே ஓடாதுங்க, காசே ஆகாது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப தரை ஏற்கெனவே சூடாத்தான் கீதுன்ற."

"ஆமா."

கருவியை என் கையிலிருந்து வாங்கித் தன் பாதத்தைக் குறிவைத்து அமுக்கினார். முப்பத்துமூன்று. திருப்பி என் பாதத்தில் அமுக்கினார். அதைவிடக் கொஞ்சம் குறைவு. மறுபடி தன் பாதத்தில் அமுக்கிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் தெர்ல?"

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். நரம்பு, சேதி, மூளை. சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. சூட்டில் உட்கார்ந்துகொண்டு குளிரில் நடுங்குகிற மனுஷனிடம் எண்ணைக் காட்டி என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கு முன் அந்தக் காலைப் பற்றி எனக்குக் கோபம்தான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கே சூடு தெரியும் என்று தரை தரையாகத் தேட ஆரம்பித்தார். பால்கனியில் வெயில் விழும் இடத்தில் காலை வைத்துப் பார்ப்பார். மாடிப்படியில் வைத்துப் பார்ப்பார். மொட்டை மாடிக்கு மட்டும் போகக்கூடாது என்று சாவியை நான் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். கீழ் வீட்டில் துணி காயப்போட முடியவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டேன், சாவியைக் கொடுக்கவில்லை.

பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழா. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அன்றைக்கு வீட்டில் இருப்பது என்பது கிடையாது. என் கணவர் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷம் விடாமல் போனவர். கடையில் லீவு தராத வருஷங்களில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெயில் இறங்குவதற்கு முன்பே சாமி புறப்பட்டுவிடும். கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதியும் தலைகளாக இருக்கும். வீட்டுக்கு வீடு மோரும் பானகமும் ஊற்றுவார்கள், சில பேர் கால் சுடாமல் இருக்கட்டும் என்று குடம் குடமாக ரோட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற விஷயம் இல்லை அது. செருப்போடு போங்கள், ஓரமாக நிழலில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். சரி என்றார். எனக்கு அன்றைக்கு லீவு இல்லை. பனி பெய்யும் ஊரில் இருப்பவர்களுக்கு அறுபத்துமூவராவது ஒன்றாவது.

நான் திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அவர் எனக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமான புதிதில் அந்த முகத்தைப் பார்த்தது.

"இன்னிக்கு கால்ல சூடு ஏறிச்சு," என்றார். "தெக்கு மாட வீதி திரும்புனப்ப. நல்லா, வெதுவெதுன்னு. இத்தினி நாள் கழிச்சி."

செருப்பு எங்கே என்று கேட்டேன். சாமி வருகிற வீதியில் செருப்போடு எப்படி நிற்பது என்று கூச்சமாக இருந்ததாம். தெரிந்த ஒருவரின் பாத்திரக்கடையில் கழற்றி வைத்துவிட்டு, சாமியோடு நான்கு வீதியும் சுற்றியிருக்கிறார். சூடு தெரிந்ததும் விட மனசில்லாமல் இன்னொரு சுற்று தனியாக நடந்திருக்கிறார். திரும்பும்போது கடை அடைத்துவிட்டார்கள், அப்படியே மந்தைவெளி வரை வெறுங்காலோடு வந்துவிட்டார். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னார்.

வாசலிலிருந்து நாற்காலி வரை மொசைக் தரையில் ஈரமாகக் கால் தடம் இருந்தது. ரோட்டில் ஊற்றிய தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, தரைத்துணியால் துடைத்தேன். தண்ணீர் அப்படி வழவழவென்று இருக்காது. துணியைப் பிழியும்போதுதான் கையில் அது தெரிந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து, கொப்பளித்தது நடந்ததில் உடைந்து, வலது காலில் குதிகாலிலிருந்து விரல் வரை பெயர்ந்து தொங்கியது. நான் அலறிய அலறலில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் அவர் முதலில் கேட்டதே, தனக்குச் சூடு தெரிந்தது, அப்படியென்றால் நரம்பு சரியாகிக்கொண்டு வருகிறதா என்பதுதான். டாக்டர் நல்லவர், முதலில் கட்டைப் போட்டு முடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது வலியாக இருந்திருக்கும் என்றார். வேறு யாராவது என்றால் ஓர் அடிகூட வைக்க முடியாத வலி. அதில் எங்கேயோ கொஞ்சம் மேலே ஏறி வந்து, அவருக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாளைக்கு மறுநாள் நான் ஆபீஸ் கருவியை எடுத்துக்கொண்டு தெற்கு மாட வீதிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அளந்து பார்க்காமல் எனக்கு எதுவும் மனசில் ஏறாது, அவ்வளவுதான். அதே நேரம், அதே வெயில். தார் ரோட்டை நோக்கி அமுக்கினேன். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. பூக்காரி ஒருத்தி, இன்னாக்கா அளக்கிற, ரோடு போடப் போறாங்களா என்று கேட்டாள். நான் கணக்குப் போடும் தரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்ட சூட்டைத் தாண்டினால் தானே நின்றுவிடும். கால் சுட்டுவிடக்கூடாது என்று கோடு போட்டு, சோதனை செய்து, முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். இங்கே ஒரு மனுஷன் இரண்டு சுற்று நடந்திருக்கிறார், அவரை நிறுத்த எதுவும் இல்லை. அவர் உடம்பில் இருந்திருக்க வேண்டிய ஒன்றே ஒன்று வலி, அதுவும் வேலை செய்யவில்லை. வீதியின் நடுவில் நின்று அழுதேன். பூக்காரி ஒன்றும் கேட்காமல் என்னை ஓரமாக இழுத்து உட்காரவைத்தாள்.

இடது கால் ஆறியது. வலது கால் ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றினார்கள், சுரண்டினார்கள், விரல் கறுத்தது, விரல்களை எடுத்தார்கள். கறுப்பு மேலே ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தேன், வேலையும் போனால் என்ன செய்வது. ஒரு வீட்டில் நாய் படுக்கும் மூலைக்கும் வலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கால் படும் இடம்தானே, சேர்த்துப் போட்டுக்கொடுத்தேன். டீம் ஹெட் அந்த மாதம் முழுக்க என் கணக்குகளில் மூன்றில் ஒரு பங்கு பேச்சை எடுக்கவே இல்லை. அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு அறுவை டாக்டர் கறுத்த இடத்தை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். "இல்ல சார்," என்றார் என் கணவர். அவர் ஒரு டாக்டரிடம் இல்லை என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். கையெழுத்து போடும்போது எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை என்னால் எழுத முடியாது. ஒரு சுற்று போதாதா, இரண்டாவது சுற்று எதற்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியில் கேட்கவில்லை. எதற்கு என்று எனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தோம். மாடி ஏற முடியாது என்பதால் வேளச்சேரியில் இருக்கும் மகள் தன்னோடு வரச் சொன்னாள். மழை வந்தால் அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார். நாற்காலியோடு தூக்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். மழைக்காலம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமாஷ் நின்றுவிட்டது. நான் லேப்டாப்பைத் திறந்தால் எந்த ஊர் என்று கேட்பதில்லை. நான் வேண்டுமென்றே சத்தமாகத் திறந்து பார்த்தேன், அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை ஒன்று சொன்னார். இடது கால் இப்போது ஜில்லென்று இல்லை, மரத்துப் போய் எதுவுமே தெரியவில்லை. ஜில்லென்று இருப்பது வலது கால்தான். பாதம், ஐந்து விரல், எல்லாம் அங்கேயே இருப்பதாகவும், பழைய குளிரைவிட இரண்டு மடங்கு குளிர்வதாகவும் சொன்னார். இப்படி வரும் என்று ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சொல்லியிருந்தும், அவர் வாயால் கேட்டபோது என் கை தானாக அந்தக் காலைத் தொடப் போனது. முன்பாவது தொட்டுப் பார்த்து, சூடாகத்தானே இருக்கிறது என்று சொல்ல ஒரு கால் இருந்தது.

மார்கழி பிறந்து குளிர் இறங்கியிருந்தது. நான் காலையில் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தரை எனக்கே ஜில்லென்று இருந்தது. நாற்காலியிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"அந்தக் கணக்கு இன்னொரு வாட்டி போடுறியா?"

எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துணியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கருவியை எடுத்து தரையில் அமுக்கினேன். இருபத்தைந்து. இப்போது தெர்மோஸ்டாட் ஓடும். செலவு பூஜ்யம் இல்லை. சாக்பீஸ் தேடி எடுத்தேன். பழைய கட்டம் எப்போதோ அழிந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும். இடது பக்கக் கோட்டைப் போடும்போது அவர் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு காலுதானே. பாதி ஆவுமா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. என்னோடு இத்தனை வருஷம் இருந்து அவருக்கும் விதி தெரியும். கால் படாத இடத்தைக் கழிக்க வேண்டும். அந்த விதிப்படி அவர் சொன்னது சரி, பாதிக் கட்டம் போதும். எந்த வீட்டுக்கும் நான் அப்படித்தான் போட்டிருப்பேன், ஒரு சதுர அடி கூடுதலாக எழுதச் சொன்னாலும் சண்டைக்குப் போயிருப்பேன். கழித்துவிட்டால், குளிருகிற கால் இருக்கும் இடம் வெறும் தரையாக இருக்கும்.

"பாதி ஆகாதுங்க," என்றேன். "ரெண்டு காலுக்கும் சேத்துத்தான் போடணும்."

வலது பக்கக் கோட்டையும் இழுத்து, பழைய அளவிலேயே கட்டத்தை மூடினேன். அவர் செருப்பைக் கழற்றி, இடது காலைக் கட்டத்துக்குள் வைத்து, அதைக் கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்தி, இன்னொன்றுக்கு இடம் விட்டார்.